நைனா சுற்றிக் காட்டிய மயிலாப்பூர்

மயிலாப்பூர் கோயில் குளத்துக்குள் எத்தனை கிணறுகள் இருக்கின்றன என்பது, அன்றைக்கு எங்கள் வண்டியில் ஏறியவர்களைப் பொறுத்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றால் ஏழு. நெல்லூர்க்காரர்கள் என்றால் ஒன்பது. பம்பாயிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நைனா இருபத்தொன்று என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். குளத்தின் அடியிலிருந்து புறப்பட்ட சுரங்கமும் அப்படித்தான். சில நாள் அது சாந்தோமில் போய் முடிந்தது, சில நாள் திருவான்மியூரில். வெயில் தணிந்திருந்து குதிரையும் ஒழுங்காக நடந்தால் காஞ்சிபுரம் வரைக்கும் போய்விடும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். குளத்தோரத்தில் ஜட்கா ஓட்டினார். வெளியூரிலிருந்து சாமி கும்பிட வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கோயில், கடற்கரை, சாந்தோம் மாதா கோயில், அடையாறு ஆலமரம், திருவான்மியூர் என்று சுற்றிக் காட்டி, சாயங்காலம் சத்திரத்தில் கொண்டுவந்து விடுவது அவர் பிழைப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் யாராவது ஒரு கேள்வி கேட்டு அதற்கு அவர் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் மகளான எனக்கு அப்போது ஒன்பது வயது. நைனாவுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் கிடையாது என்று நம்பியிருந்தேன். கிணற்றுக் கணக்கு மாறுவதுகூட எனக்குப் பிசகாகப் படவில்லை. அவ்வளவு பெரிய குளம், கூடக் குறைய இருக்கலாம்தானே.

ஜட்கா எங்களுக்கு வந்த கதை மட்டும் யாரிடம் சொன்னாலும் மாறாது. அதைச் சொல்லுகிறவள் அம்மா. சண்டைக் காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியானது. அதுவரைக்கும் நைனா அடையாற்றங்கரையில் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சல் சுமந்துகொண்டிருந்தார். மந்தைவெளியில் எங்களுக்கு எதிர்வீட்டு ஜட்காக்காரர் குண்டுக்குப் பயந்து ஆர்க்காட்டிலிருந்த மகள் வீட்டுக்குக் கிளம்பினார். போகிறபோது குதிரையையும் வண்டியையும் நைனாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். குண்டு விழவில்லை. அவரும் திரும்பி வரவில்லை. மருமகன் வீட்டுச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொண்டது என்பாள் அம்மா.

நான் சொல்ல வந்தது சண்டை முடிந்த மறு வருஷம் பங்குனி உற்சவத்தில் நடந்தது. அப்போதுதான் தம்பி பிறந்து பத்து நாளாகியிருந்தது. தூக்குகிறேன் என்று நான் அவனை ஒரு தரம் கீழே போடப் பார்த்ததால், உற்சவம் முடிகிற வரைக்கும் என்னை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று, அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த சித்தி சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடமும் லீவு. நைனா என்னை வண்டியில் ஏற்றி, தன் பக்கத்தில் ஏர்க்கால் ஓரமாக உட்கார வைத்துக்கொண்டார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தேர் நாளன்று காலையில் அந்த இரண்டு பேர் வந்தார்கள். ஓர் அம்மாள், நாற்பத்தைந்து வயதிருக்கும். காதில் பாம்படம் தோளைத் தொட்டு ஆடியது. அப்படி ஒரு காதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதனால் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். கூட வந்தவர் வேட்டியின் மேல் கறுப்புக் கோட்டுப் போட்டு, கண்ணாடி அணிந்த ஒல்லியான மனிதர். திருநெல்வேலிப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் வாத்தியாராம். அவர் அந்த அம்மாளை மதினி என்று கூப்பிட்டார். இறந்துபோன அண்ணனின் மனைவி.

அவள் வண்டியில் ஏறிப் புல்லின் மேல் விரித்த பாயில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாத்தியார் கீழே நின்று நைனாவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. முந்தின நாள் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் போய்க் கேட்டார்களாம். அங்கே ஒரு காகிதம் கொடுத்துவிட்டார்களாம். இனிமேல் தேடவேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறதாம். ஊருக்குப் போகலாம் என்றால் மதினி கேட்கவில்லை, எல்லா இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள் என்றார். நைனா தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். எனக்கு அந்தக் காகிதத்தின் மேல்தான் ஞாபகம். சண்டைக் காலத்தில் எதற்கெடுத்தாலும் பாஸ் வேண்டியிருந்ததே, அதுபோல எல்லா இடத்தையும் சுற்றிப்பார்க்கச் சர்க்கார் கொடுத்த பாஸ் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்கள் பெரிய மனிதர்கள்தான் என்று தோன்றியது.

மாட வீதிக்குள் வண்டி நுழைய முடியவில்லை. குளத்துக்கு அந்தப் பக்கம் தேர் வந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷம் பார்த்தாலும் அது எனக்குப் பழகவேயில்லை. முதலில் தேர் தெரியாது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே சீலைகளும், குழாய்போலத் தொங்கும் தொம்பைகளும் மட்டும் தெரியும். கோபுரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டது போலிருக்கும். அப்புறம் அது நிற்கும். இத்தனை ஆயிரம் பேரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். மறுபடி அசையும். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அந்த அம்மாளும் கும்பிட்டாள். ஆனால் அவள் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

"தேரை அவன் கடிதாசுல எழுதலை. மறுநாள் அறுபத்து மூவரைத்தான் எழுதியிருந்தான்" என்றாள் கொழுந்தனிடம்.

நைனா வண்டியைச் சாந்தோம் பக்கம் திருப்பினார்.

மாதா கோயிலின் வெள்ளைக் கூம்பு தூரத்திலேயே தெரிந்தது. கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கரை கண்டுபிடிப்பார்கள் என்று நைனா சொன்னார். உள்ளே போனால் வெளியிலிருந்த வெயில் நினைவில்கூட இல்லை. வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சத்தில் என் கை ஒரு பக்கம் சிவப்பாகவும் ஒரு பக்கம் நீலமாகவும் இருந்தது. அங்கே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவ அம்மாள், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்த எங்களைப் பார்த்துச் சிரித்து, அங்கே அடக்கமாகியிருக்கும் புனிதரின் கல்லறைக்குப் போகும் வழியைக் காட்டினாள். பாம்படம் போட்ட அம்மாள் அங்கே குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இந்துக்கள் அப்படி எடுப்பதுண்டா என்று வாத்தியார் சங்கடப்பட்டார். அவன் எடுத்தேன் என்று எழுதியிருந்தானே என்று மட்டும் அவள் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவளுக்கு ஒரு மகன். மலாயாவுக்குப் போவதற்கு முன்னால் பட்டாளத்து உடுப்போடு இந்த ஊரில் இரண்டு நாள் இருந்திருக்கிறான். சுற்றிப் பார்த்ததையெல்லாம் அம்மாவுக்கு ஒரு கடிதாசு எழுதிப் போட்டுவிட்டுக் கப்பலேறியிருக்கிறான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்து வருஷமாக யார் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டுக் கடிதாசு முழுவதும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. நைனா எந்த இடத்தைக் காட்டினாலும் அதில் இருக்கிறதா என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். இருந்தால் இறங்குவாள். இல்லாவிட்டால் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். என்னை அசத்தியது இதுதான். ஊரை ஒரு தடவைகூடப் பார்க்காமல் இப்படி வரிசையாகச் சொல்ல முடியுமா? நைனாவுக்குச் சமமாக ஊரைத் தெரிந்த ஓர் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடற்கரையில் மீன் பங்களா பூட்டிக் கிடந்தது. சண்டையில் மூடியது, அப்புறம் திறக்கவில்லை. அவள் பூட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். நைனாவுக்குப் பொறுக்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே, உள்ளே எந்தத் தொட்டியில் என்ன மீன் இருந்தது என்று வலமிருந்து இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு முள் மீன், கோபம் வந்தால் தேங்காய் மாதிரி உப்பிக்கொள்ளும். ஓர் ஆமை, வெள்ளைக்காரத் துரை வந்தால் மட்டும் தலையை வெளியே நீட்டும்.

"மஞ்சள் மீன் ஒண்ணு கண்ணாடிகிட்ட வந்து அவனையே பாத்துச்சாம்" என்றாள் அவள். முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஆமாமா. அது அப்டித்தான், புடிச்சவங்க வந்தா அந்தாண்ட நவுராது" என்றார் நைனா.

கடலைப் பார்த்து அவள் ஆச்சரியப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். வெளியூர்க்காரர்கள் முதல் அலையைப் பார்த்துவிட்டுக் கத்துவதை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அவளோ இது திருச்செந்தூரில் பார்க்கிற கடல்தான் என்று சொல்லிவிட்டு, மலாயா எந்தப் பக்கம் என்று கேட்டாள். நைனா கொஞ்சமும் யோசிக்காமல் சாட்டையை நீட்டி நேரே காட்டினார். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அந்தத் திசையையே பார்த்தாள். நானும் பார்த்தேன். நைனா காட்டிய இடத்தில் ஏதாவது இருந்தே தீரும், கண்ணை இன்னும் கொஞ்சம் இடுக்கினால் தெரிந்துவிடும் என்று வெகுநேரம் நம்பிக்கொண்டிருந்தேன். வாத்தியார் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

பாலம் தாண்டி அடையாற்றுக்குப் போனோம். ஆற்று முகத்துவாரத்தில் வெள்ளைப் பறவைகள் ஒற்றைக் காலில் நின்றன. தோட்டத்துக்குள் இருக்கும் ஆலமரத்தைப் பற்றி நைனா சொல்லுகிற கதை பெரியது. அந்த மரத்தில் நடுமரம் எது என்று கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை என்று தொடங்குவார். அன்றைக்கு அவர் தொடங்கவே முடியவில்லை. அந்த அம்மாள் நேரே போய் முதல் விழுதைத் தொட்டு ஒன்று என்றாள். அடுத்ததைத் தொட்டு இரண்டு என்றாள். மகன் எண்ண ஆரம்பித்துப் பாதியில் கணக்கு விட்டுப் போயிற்று என்று எழுதியிருந்தானாம்.

தலைக்கு மேலே ஒரே பச்சை. வெயில் காசு காசாக விழுந்து ஆடியது. ஒரு மரம்தான் இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கால்களுக்கு நடுவே அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். மெல்லிய விழுதை விட்டுவிட்டால் நான் காட்டிக் கொடுத்தேன். நானூற்றுச் சொச்சம் வந்தபோது வாத்தியார் போதும் மதினி என்று கெஞ்சினார். அவள் நிறுத்தவில்லை. கடைசி விழுதைத் தொட்டுவிட்டு எண்ணைச் சத்தமாகச் சொன்னாள், யாருக்கோ போய்ச் சொல்லவேண்டியது போல. அந்த எண் எனக்கு மறந்துபோய்விட்டது. அதற்காக இன்றைக்கும் என்னை நொந்துகொள்கிறேன்.

திருவான்மியூருக்குப் போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மணல் பாதை, இரண்டு பக்கமும் பனையும் சவுக்கும். சக்கரம் புதைந்து புதைந்து எழுந்தது. நைனாவும் வாத்தியாரும் இறங்கித் தள்ளினார்கள். கோயிலில் நாங்கள் ஐந்தாறு பேர்தான். சாமி பெயரிலேயே மருந்து இருக்கிறது, தீராத வியாதியெல்லாம் தீரும் என்று நைனா சொன்னார். பாலாபிஷேகம் செய்து செய்து சாமியே வெள்ளையாகிவிட்டார் என்றார். அவள் வன்னி மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாம்படத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். பார்ப்பதற்குத்தான் பாரமாக இருந்தது, உள்ளே பொள்ளல், லேசாகத்தான் இருந்தது.

மறுநாள் எட்டாம் திருநாள். காலையில் நைனா அவர்களை முதலில் கோயிலுக்குள் அழைத்துப்போய்ப் புன்னை மரத்தைக் காட்டினார். அம்மன் மயிலாக வந்து பூசை செய்த இடம். வருஷத்தில் ஒரு நாள் இங்கே ஒரு மயிலிறகு தானாக விழும், யார் கண்ணில் படுகிறதோ அவர்கள் நினைத்தது நடக்கும் என்றார். வாத்தியார் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அன்றைக்கு மத்தியானம் வருகிற அறுபத்து மூவரைவிடக் காலையில் குளக்கரையில் நடக்கிற காட்சிதான் பெரிது. அந்தக் கதையில் நைனாகூட ஒரு சொல் கூட்டியதோ குறைத்ததோ கிடையாது. மயிலாப்பூரில் ஒரு செட்டியார். அவருடைய ஒரே மகள் பாம்பு கடித்துச் செத்துப்போகிறாள். செட்டியார் அழுது ஓய்ந்து, அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் போட்டு, மஞ்சளும் பூவும் வைத்து, கன்னிமாடத்திலேயே வைத்திருக்கிறார். அப்புறம் ஒரு நாள், சிறு பிள்ளையாக இருந்தபோதே ஞானம் பெற்ற அந்த மகான் ஊருக்கு வருகிறார். குடத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பாடுகிறார். குடம் உடைகிறது. பெண் எழுந்து வருகிறாள்.

அன்றைக்கும் ஓதுவார் பாடினார். அந்தக் கூட்டத்தில் அவர் குரல் எங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி, இந்தத் திருவிழாவைப் பார்க்காமலா போய்விட்டாய் என்று கேட்பதாக வரும். பாட்டுப் பாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. குளத்துப் படியில் கைக்குழந்தை ஒன்று அழுததுகூட நின்றுவிட்டது. திரையை விலக்கினார்கள். குடம் இருந்த இடத்தில் அந்தப் பெண்ணின் விக்கிரகம், பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ. ஊரே ஒரே குரலில் சாமி பெயரைச் சொன்னது. புறாக்கள் கோபுரத்திலிருந்து கொத்தாகக் கிளம்பின. விக்கிரகத்தை முன்னாலேயே திரைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் ஊரோடு சேர்ந்து கத்தினேன்.

கூட்டம் கொஞ்சம் கலைந்தபோது நைனா எங்களை ஒரு நீர்மோர்ப் பந்தலின் நிழலுக்கு அழைத்து வந்தார். அந்த அம்மாள் மோரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஏய்யா, அந்தச் செட்டியாருகிட்ட எலும்பாவது இருந்துச்சு. சாம்பல் இருந்துச்சு. ஒண்ணுமே கையில இல்லாதவ என்ன செய்வா?"

அவள் நைனாவைப் பார்த்துத்தான் கேட்டாள். இரண்டு நாளாக அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர் அவர்தானே. நான் நைனாவின் வாயைப் பார்த்தேன். வாத்தியார், வாங்க மதினி போவோம் என்று அவள் கையைப் பிடித்தார். அவள் நகரவில்லை. பதில் வரும் என்று நம்பி நின்றாள். நைனாவிடம் ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஏதாவது சொல்லு நைனா என்று மனசுக்குள் முறையிட்டேன்.

நைனா குனிந்து, கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"ஒரு புள்ள வந்தான்மா. சிப்பாய் டிரஸ்ஸு. எனக்கு நேத்தே சந்தேகம்தான், நீ சொல்லச் சொல்ல அட அந்தப் புள்ளயாச்சேன்னு நெனச்சிக்கினே இருந்தேன். நம்ம வண்டிலதான் ஏறினான்."

அவள் நைனாவுக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

நைனா சொல்லிக்கொண்டு போனார். எப்போதும் போலச் சத்தமாகவோ சாட்டையை ஆட்டிக்கொண்டோ இல்லை. வீட்டில் அம்மாவிடம் பேசுகிற குரலில் சொன்னார். நாலு பேராக வந்த சிப்பாய்களில் மற்ற மூன்று பேரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்களாம். இவன் மட்டும் எல்லாவற்றையும் நின்று பார்த்தானாம். குதிரைக்கு வெயில் தாங்காது என்று மணலில் இறங்கி நடந்தே வந்தானாம். ஆலமரத்தடியில் விழுதை எண்ணிக்கொண்டு எங்கேயோ போய்விட்டானாம், நைனாதான் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாராம். அறுபத்து மூவர் அன்றைக்குக் கூட்டத்தில் நைனாவின் சின்னப் பெண் சாமி தெரியவில்லை என்று அழுதாளாம்.

"தோ, இதே பொண்ணுதான். நாலு வயசு. உம் புள்ள இத்தத் தூக்கித் தோள்ல வச்சிக்கினான். கடேசி சாமி போற வரிக்கும் எறக்கவே இல்ல."

எனக்குக் காது சுட்டது. நைனாவின் சுரங்கமும் ஆமையும் வேறு. இது நான். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

"இல்ல நைனா, அப்போ நம்ம கிட்ட வண்டியே இல்லியே. நீ காளவாயிலதான இருந்தே. குண்டு போடறாங்கன்னு எதிர்வூட்டுக்காரரு போனப்போதான வண்டி வந்தது. என்னை யாரும் தூக்கல" என்றேன்.

வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். நைனா பார்க்கவில்லை. அவர் அடிப்பார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். அவர் கை அசையவே இல்லை. பந்தலில் மோர் ஊற்றுகிறவர் இன்னொரு குவளை வேண்டுமா என்று கேட்டார். வாத்தியார் வேண்டாம் என்று கை காட்டினார்.

அந்த அம்மாள் குவளையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே குந்தி உட்கார்ந்தாள். என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"நீ சின்னப்பிள்ளைல்லா. நாலு வயசுல நடந்தது உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

பிறகு நைனாவைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"நீங்க சொல்லுங்கய்யா. பொறவு என்ன செஞ்சான்?"

நைனா சொன்னார். மத்தியானம் வரைக்கும் சொன்னார். என்ன சாப்பிட்டான், எதற்குச் சிரித்தான், துறைமுகத்துக்குப் போகும்போது என்ன பாடிக்கொண்டு போனான் என்றெல்லாம் அவள் கேட்கக் கேட்கச் சொன்னார். ஒரு தடவை அவள், அவன் இடது கைப் பழக்கம் உள்ளவன் என்றாள். ஆமாம், சாட்டையை வாங்கி இடது கையால்தான் வீசிப் பார்த்தான் என்றார் நைனா. அப்புறம் வாத்தியாரும் நெருங்கி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். துறைமுகத்துக்கு நடந்துதான் போனானா, வண்டியிலா என்று அவரே ஒரு கேள்வி கேட்டார். படித்த மனிதர்கூட நைனாவை நம்பிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என் ஞாபகசக்திக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்லலாமென்று பார்த்தால் என் பக்கம் திரும்பத்தான் ஒருவரும் இல்லை.

மூன்று மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. மாட வீதியில் எள் போட்டால் விழாத கூட்டம். மாடியெல்லாம் தலை. பானகமும் சுண்டலும் விசிறியும் கைமாறிக்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் நின்ற முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து யாரோ என்னைத் தூக்கினார்கள். நைனா என்று நினைத்தேன். அந்த அம்மாள்தான். ஒன்பது வயதுப் பெண்ணை, அதுவும் நல்ல கனமான பெண்ணை, மூச்சுப் பிடித்துத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டாள். பாம்படம் என் முழங்காலில் இடித்தது. இறக்கிவிடுங்கள் என்று முதலில் திமிறினேன். அவளிடம் எனக்கு இருந்த கோபம் இன்னும் போகவில்லை.

அதற்குள் வந்துவிட்டார்கள். முன்னால் பிள்ளையார். பின்னால், ஒரு பல்லக்குக்கு நாலு பேராக, கூப்பிய கையோடு அறுபத்து மூன்று பேரும். அரசனும் வேடனும் குயவரும் வண்ணாரும் வரிசையாக, சாமியைப் பார்த்தபடியே பின்பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளியும் பூவும் வெயிலில் கண்ணைப் பறித்தன. அவர்களுக்கு அப்பால், வீதியே அடைபட்டாற்போல, சாமியின் விமானம் குலுங்கிக் குலுங்கி வந்தது. அன்றுவரை கால்களுக்கும் முதுகுகளுக்கும் நடுவேதான் நான் அறுபத்து மூவரைப் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாமிகள் எல்லாம் என் உயரத்தில் வந்தார்கள். ஒவ்வொரு பல்லக்காக எனக்கு நேரே வந்து, நின்று, போயிற்று. கோபத்தை மறந்துவிட்டேன். என்னையே மறந்துவிட்டேன்.

விமானம் நெருங்கும்போது, கீழே இருக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாதே என்று நினைவு வந்தது. குனிந்து பார்த்தேன். அவள் ஊர்வலத்தின் பக்கமே பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். என் இரண்டு பாதங்களையும் தன் கைகளுக்குள் வைத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். என் காலில் தெருவின் மண்ணும் வண்டி மையும் அப்பியிருந்தன. அவள் கட்டைவிரல் என் கணுக்காலை மெள்ளத் தடவிக்கொண்டே இருந்தது.

"சாமி வந்துடுச்சு, பாருங்க" என்று கத்தினேன்.

"நீ பாரு. நல்லாப் பாரு" என்றாள், நிமிராமலேயே.

விமானம் எங்களைத் தாண்டிப் போனது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, இத்தனை பேர் இடித்துத் தள்ளுகிற இடத்தில் நின்றும், இந்த அம்மாள் கடைசி வரைக்கும் சாமியைப் பார்க்கவேயில்லையே, பாவம், என்னைச் சுமந்து சுமந்து தோள் வலித்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.